நாளுக்கொரு படமும் கொடியில் ஒரு சட்டையும்

குசினிக் கதிரையை முற்றத்துக்கு இழுத்துவந்து, அதன் மேல் பிட்டுத் தட்டை வைத்துவிட்டு ஏழடி பின்னால் நடந்தேன். கமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்து, மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். பிட்டு ஒரு பொத்தான் அளவில் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு விசையைத் தட்டப் போன நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

"ரீச்சர், என்ன செய்யிறியள்?"

"படம் எடுக்கிறன்."

"ஆரை?"

"பிட்டை."

கேட்டவர் பொன்னம்மாக்கா. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருந்து புருஷனோடு வந்து, காடு வெட்டி, எனக்கு அடுத்த காணியில் குடியேறியவர். வேலியில் கையை ஊன்றிக்கொண்டு பிட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கட பக்கத்தில செத்தவீட்டுக்குத்தான் படம் எடுக்கிறவை," என்றார். "சவத்தை நடுவில வைச்சு, சுத்திவரச் சொந்தக்காரர் நிப்பினம். பிட்டுக்கு என்ன நடந்தது?"

எனக்குச் சிரிப்பில் கை ஆடிவிட்டது. அந்தப் படம் கலங்கித்தான் வந்தது. பிட்டைக் கோழி வந்து கொத்தியது வேறு கதை.

எதற்கு இந்தக் கூத்து

மழைக்குப் பாடசாலைக் கூரை பறந்ததைப் போன கிழமைப் பத்தியில் எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு அம்மா கடிதம் போட்டிருந்தார். கூரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தக் காட்டுக்குள் தனியாகவா இருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டிருந்தார். ஓம் அம்மா, தனியாகத்தான் இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

ஐம்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கல்யாணம் முடிந்து ஐந்தாம் மாதம் இவர் பொறியியல் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அதே மாதம் எனக்கு ஆசிரியை நியமனம் வந்தது. வன்னியில் மல்லாவிக்கு அப்பால், குளத்துக்குக் கீழே, புதிதாக ஆட்களைக் குடியேற்றிய ஒரு திட்டத்துப் பாடசாலை. மாமி, அதாவது இவருடைய அம்மா, வேண்டாம் என்றார். "என்னோடை யாழ்ப்பாணத்தில இரு பிள்ளை, அவன் வருமட்டும்." நான் கேட்கவில்லை. எனக்கு அந்த நாளில் பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. எங்கே விட்டாலும் நான் நன்றாக இருப்பேன் என்று காட்ட வேண்டும்.

கப்பல் ஏறும் முன் இவர் கொழும்பில் இரண்டு பெட்டிக் கமரா வாங்கினார். ஒன்று எனக்கு, ஒன்று தனக்கு.

"நாளுக்கு ஒரு படம்," என்றார். "நீர் என்ன சாப்பிட்டீர், எங்கை போனீர், என்ன பாத்தீர். நானும் எடுத்து அனுப்புறன். பக்கத்தில இருக்கிற மாதிரி இருக்கும்."

அந்தப் பெட்டிக் கமராவை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். கறுத்தச் சதுரப் பெட்டி, முன்னால் ஒரு கண், பக்கத்தில் ஒரு விசை. ஒரு சுருளில் பன்னிரண்டு படம். ஆறேழு அடிக்குக் கிட்டப் போனால் எல்லாம் புகைந்துவிடும். அதனால் நான் சாப்பாட்டைப் படம் எடுத்தால் சாப்பாடு சின்னதாகவும், கதிரை, கிணற்றடி, வேலி எல்லாம் பெரிதாகவும் விழும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் பாடு இதில்தான் கெட்டது.

சுருள் முடிந்ததும் தபாலில் மாமிக்கு அனுப்புவேன். மாமி அதை ஸ்ரூடியோவில் கழுவக் கொடுத்து, ஒரு பிரதி லண்டனுக்கும் ஒரு பிரதி எனக்கும் அனுப்புவார். ஆக, என் காலைச் சாப்பாடு சாப்பிட்டு மூன்று கிழமைக்குப் பிறகு மாமியின் மூக்குக்கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்கும்.

படத்துக்குச் சமைத்தவை

உண்மையைச் சொல்வதென்றால், நான் இரண்டு விதமாகச் சமைத்தேன். படத்துக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று.

தனி ஆளுக்கு மூன்று கறி வைக்க யாருக்கு மனம் வரும்? முக்கால்வாசி நாள் பேக்கரிப் பாணும் சம்பலும்தான். சில நாள் பாணும் தேத்தண்ணியும். அதைப் படம் எடுத்து அனுப்பினால் மாமி, "பார், நான் சொன்னனான்," என்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை மினைக்கெட்டு மூன்று கறி வைப்பேன். சோறும் கறிகளுமாக ஒரு படம். அடுத்த நாள் அதே கறியைத் தட்டு மாற்றி இன்னொரு படம். செவ்வாய்க்கிழமை கறி புளிக்கத் தொடங்கிய பிறகும் வாழையிலையில் வைத்து ஒரு படம் எடுத்திருக்கிறேன். படத்தில் மணம் வராதே.

கடிதத்திலும் அப்படித்தான். "இங்கே நல்ல காற்று. சனங்கள் நல்லவர்கள். ஒரு குறையும் இல்லை." ஒரு கடிதத்தில் குறை இல்லை என்று மூன்று தரம் எழுதியிருக்கிறேன். குறை இல்லாத ஆள் அதை ஒரு தரம்கூட எழுத மாட்டாள்.

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டால் திங்கட்கிழமை வரைக்கும் என்னோடு கதைக்க ஆளில்லை. பக்கத்துக் காணி என்கிறேனே, அது கூப்பிடு தூரம். பொன்னம்மாக்காவும் விதைப்பு, அரிவு என்று வயலே கதி. தலைமை ஆசிரியர் துணுக்காயில் இருந்து சைக்கிளில் வந்து போகிறவர். திங்கள் காலை பிள்ளைகளுக்கு முன்னால் வாயைத் திறந்தால் குரல் அடைத்துப்போய்க் கிடக்கும். செருமிச் செருமித்தான் பாடம் தொடங்குவேன். ரீச்சருக்கு ஓயாத சளித் தடிமன் என்று பிள்ளைகள் நினைத்தார்கள்.

அவருடைய படங்களும் வரும். பனி மூடிய பால் போத்தல். அவித்த உருளைக்கிழங்கு. மேலும் கீழுமாய் இரண்டு தட்டு உள்ள பஸ். படத்தை விளக்குக்குக் கிட்டப் பிடித்து, அந்த உருளைக்கிழங்குக்கு உப்புப் போட்டிருப்பாரா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அழுகை வரும். அழுதுவிட்டுக் கொப்பியில் ஒட்டுவேன். என் படங்களுக்கு ஒரு கொப்பி, அவருடையவைக்கு ஒரு கொப்பி.

ஒரே ஒரு படத்தை மட்டும் பொய் சொல்லாமல் எடுத்தேன். லீவுக்கு யாழ்ப்பாணம் போகும்போது ஆனையிறவில் ரயில் ஜன்னலால் உப்பளத்தைப் பிடித்தேன். உச்சி வெயில். கழுவி வந்தபோது அதில் ஒன்றுமே இல்லை, முழுக்க வெள்ளை. "இது என்ன, வெறும் கடதாசியா?" என்று இவர் கேட்டு எழுதினார். ஓம் என்று எழுதியிருக்கலாம். வெளிச்சம் கூடிவிட்டது என்று எழுதினேன்.

பெரிய சட்டை

ஒரு சனிக்கிழமை பின்னேரம், காட்டு மரம் ஏற்றவந்த லொறியோடு வந்த ஒருவன் வேலிப் படலையில் நின்று தண்ணீர் கேட்டான். செம்பில் கொடுத்தேன். ஆறுதலாகக் குடித்தான். குடித்துக்கொண்டே முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"

"இருக்கிறார். உள்ளுக்குப் படுத்திருக்கிறார்."

அவன் கொடியைப் பார்த்தான். கொடியில் என்னுடைய சேலைகள் மட்டும். ஒரு சாரம் இல்லை, ஒரு பனியன் இல்லை. பார்த்துவிட்டுச் சிரித்தான். செம்பைப் படலைக் கட்டையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு என்னை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை.

அடுத்த சந்தை நாளில் மல்லாவிக்குப் போனேன். முல்லைத்தீவில் இருந்து துணி கொண்டுவந்து விரிக்கிற காசிம் நானா அங்கே இருந்தார்.

"ஆம்பிளைச் சட்டை ஒண்டு வேணும் நானா."

"அளவு?"

"உள்ளதிலேயே பெரிசு."

நானா நிமிர்ந்து பார்த்தார். "ரீச்சற்ற அவர் லண்டனிலதானே? அங்கத்தைச் சாப்பாட்டுக்கு அப்பிடிக் கொழுத்திட்டாரோ?"

"பெரிசாத் தாங்கோ நானா," என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

இவர் மெலிந்த மனுஷன். மழைக்காற்றில் அவர் குடையைப் பிடிக்கிறாரா, குடை அவரைப் பிடிக்கிறதா என்று தெரியாது. அவருடைய அளவில் ஒரு சட்டையைத் தொங்கவிட்டால் எந்தக் கள்ளன் பயப்படுவான்? செலவழிப்பது என்று வந்தபிறகு, தோள் அகன்ற, நல்ல உயரமான ஒரு ஆளை வாங்குவோம் என்று நினைத்தேன். கோடு போட்ட அந்தச் சட்டையைப் படலையில் இருந்து பார்த்தால் தெரியக்கூடியதாகக் கொடியில் போட்டேன். அன்றைக்குக் கொஞ்சம் நித்திரை வந்தது.

அதற்குப் பிறகு மிளகாய்க் காலம் வந்தது. பொன்னம்மாக்கா தந்த பழுத்த மிளகாயைப் பாயில் காயப்போட்டு, வடிவாக இருக்கிறதே என்று அன்றைய படத்தை எடுத்தேன். ஏழடி பின்னால் நின்றுதான். அந்தச் சின்னக் கண்ணாடியில் மிளகாயைத்தான் பார்த்தேன். பின்னால் கொடி நின்றதைக் காணவில்லை. சட்டை அங்கே தொங்கித் தொங்கி, கதிரை, கிணறு மாதிரி அதுவும் எனக்குக் கண்ணில் படாத சாமானாகிவிட்டது.

ஒரு வரி

இரண்டு மாதத்துக்குப் பிறகு லண்டனில் இருந்து நீலக் கடிதம் வந்தது. பரீட்சை, குளிர், காலில் வெடிப்பு என்று வழக்கம்போல எல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி.

"மிளகாய்ப் படத்தில் கொடியில் கிடப்பது யாருடைய சட்டை? அம்மாவும் எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறா."

மாமி என்னிடம் கேட்கவில்லை. தனக்கு அரைநாள் பயண தூரத்தில் இருக்கிற என்னை விட்டுவிட்டு, கடல் தாண்டிப் போய்ச் சொல்லியிருக்கிறார். இவரும் கேட்கிறார். இப்படிக் கேட்கிற மனுஷனுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

கோபம் ஒரு பக்கம். மற்றப் பக்கம் வேறொன்று இருந்தது. பதில் ஒரு வரிதான்: பயத்தில் தொங்கவிட்டேன். அதை எழுதினால், ஒரு வருடமாக அனுப்பிய காற்றும் சனமும் மூன்று கறியும் என்னவாகும்? பயந்துகொண்டு கிடக்கிறேன் என்று ஒப்புக்கொள்வதா, கெட்டவள் என்று நினைக்க விடுவதா? இன்றைக்கு நினைத்தால் விசர்க் கேள்வி. அன்றைக்கு ஒன்பது நாள் அதை வைத்துக்கொண்டு நின்றேன். பதில் எழுதவில்லை.

பத்தாம் நாள், மத்தியான பஸ்ஸில் மாமி வந்து இறங்கினார்.

மாமியின் சாண்

வெள்ளைச் சேலை, கையில் பன்புல்லில் இழைத்த ஒரு பை, முகத்தில் சிரிப்பு இல்லை. வாருங்கோ என்றேன். வந்தவர் வீட்டுக்குள் போகவில்லை. நேரே கொடிக்குப் போய்ச் சட்டையின் தோளைச் சாணால் அளந்தார்.

"இதுக்குள்ள என்ர பிள்ளை ரெண்டு தரம் போகலாம்," என்றார். "ஆரின்ர சட்டை இது?"

"நான் வாங்கினது."

"ஆருக்கு?"

மாமி விடவில்லை. சட்டையில் வைத்த கையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் ஆள் வந்ததைக் கண்டு, ஒரு கூடை கத்தரிக்காயோடு பொன்னம்மாக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார். எங்கள் இரண்டு பேரின் முகத்தையும், மாமியின் கை இருந்த இடத்தையும் பார்த்தார். அந்த மனுஷிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"அது சும்மா சட்டை அம்மா," என்றார்.

"சும்மா சட்டையெண்டால்?"

"ஆளில்லாச் சட்டை. கழுத்தைப் பாருங்கோ, ஊத்தை இருக்கோ? மூண்டு மாசமா அதே இடத்தில கிடக்கு. வெயில் பட்ட பக்கம் வெளுத்துப்போச்சு, மற்றப் பக்கம் கடையில இருந்த மாதிரி. ரீச்சர் பயத்தில தொங்கவிட்டிருக்கிறா எண்டு இங்கை எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமோ?" என்றேன் நான்.

"பின்னை? ஆம்பிளை உடுப்புத் தோய்க்கிற வீட்டில ஒரு சட்டை மட்டும் எண்டு ஆரும் நம்புவினமே? எங்கட ஆக்கள் இந்தப் பக்கத்தால போகேக்க, ரீச்சர் பயப்பிடுவா எண்டுபோட்டு இருமிப்போட்டுத்தான் போறவை. நாங்கதான் போறம் எண்டு தெரியட்டும் எண்டு."

எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது. பின்னேரங்களில் வேலிக்கு வெளியே கேட்ட அந்த இருமல்களுக்குத்தான் நான் ஒவ்வொரு நாளும் நடுங்கிக்கொண்டிருந்தேன். யாரோ நோட்டம் பார்க்கிறான் என்று நினைத்திருந்தேன். ஊரில் ஒருவரையும் ஏய்க்காத சட்டை, யாழ்ப்பாணத்தில் இருந்த மாமியையும் லண்டனில் இருந்த இவரையும் மட்டும் ஏய்த்துவிட்டது.

மாமி சட்டையை விட்டார். உள்ளே வந்து முகம் கழுவினார். நான் வைத்த சோற்றைச் சாப்பிட்டார். கத்தரிக்காய்க் கறிக்கு உப்புக் கூட என்றார். கை கழுவிய பிறகுதான் கதைத்தார்.

"பயமெண்டால் என்னட்டை வந்திருக்கலாமே பிள்ளை."

"பயமில்லை மாமி."

"பின்னை ஏன் சட்டை?"

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

"அவனுக்கு நீயே எழுது," என்றார் என் முதுகைப் பார்த்து. "நான் எழுதினது பிழை. ஆனா நீயும் ஒண்டும் எழுதேல்ல."

பின்னேர பஸ்ஸில் போய்விட்டார். நில்லுங்கோ மாமி என்று சொல்ல எனக்கு நா வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பஸ் போன புழுதி அடங்குமட்டும் றோட்டில் நின்றேன். ஒரு ஆள் வந்து போனபின் வீடு முன்னையைவிட வெறுமையாகிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாலு பக்கம்

எழுதினேன். நாலு பக்கம். லொறிக்காரனின் சிரிப்பு, திங்கட்கிழமைக் குரல், புளித்த கறிக்கு எடுத்த படம், இருமல், எல்லாவற்றையும் எழுதினேன். குறை இல்லை என்று எழுதியதெல்லாம் பொய் என்று எழுதினேன். தபாற்பெட்டிக்குள் போட்ட பிறகு கைவிட்டு எடுக்கலாமா என்று பார்த்தேன். கை போகவில்லை.

பதில் வந்தது. பெரிய எழுத்தில், சந்தோஷமாக எழுதியிருந்தார்.

"சட்டைக் கதையை வாசித்துச் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்துபோனது. இங்கே கூட இருக்கிற பொடியங்களுக்கும் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீர் கெட்டிக்காரி. எனக்கு உம்மில் ஒருநாளும் சந்தேகம் இல்லை. அந்தச் சட்டையை மட்டும் கிட்ட நின்று ஒரு படம் எடுத்து அனுப்பும், இவர்களுக்குக் காட்ட வேண்டும்."

சந்தேகம் இல்லையாம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான் குசினி நிலத்தில் இருந்துகொண்டு நெடுநேரம் எழும்பவில்லை. நாலு பக்கத்தில் அவர் சட்டையை மட்டும்தான் வாசித்திருந்தார். என்னைத் தெரியாத நாலு பேர் என் பயத்துக்குச் சிரித்திருந்தார்கள்.

ஏற்கெனவே எடுத்ததில் சட்டை தெரிகிற படம் வேறு இருக்கிறதா என்று கொப்பியைப் புரட்டினேன். பிட்டு. கிணறு. மல்லாவிச் சந்தை. மாங்குளம் ஸ்ரேசன். குளத்துக்கட்டு. தோசை. மிளகாய். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு வருடத்துப் படங்களில் என் முகம் ஒன்றில்கூட இல்லை. எடுக்க ஆளில்லை, அது சரி. ஆனால் உம்முடைய முகம் எங்கே என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நானும் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் பாடசாலை விட்டு வந்ததும் பொன்னம்மாக்காவைக் கூப்பிட்டேன். கமராவை அவருடைய கையில் கொடுத்து, எங்கே தட்டுவது என்று காட்டினேன்.

"எனக்கு உது தெரியாது ரீச்சர், பழுதாக்கிப்போடுவன்."

"பழுதானாலும் பரவாயில்லை. தட்டுங்கோ."

ஏழடி தள்ளி நின்றேன். தலை வாரி இழுக்கவில்லை, சேலை மாற்றவில்லை. பாடசாலைச் சுண்ணாம்புத் தூள் கையில் அப்படியே இருந்தது.

"கொஞ்சம் சிரியுங்கோ ரீச்சர்."

"வேண்டாம்."

பொன்னம்மாக்கா தட்டிவிட்டார். படம் சரிந்து விழுந்திருந்தது. கால் பாதியில் வெட்டுப்பட்டு, வானம்தான் கூட. முகம் நகத்தளவு. ஆனால் நான்தான். முதன்முதலாக மாமியின் கையால் போகாமல் நேரே ஸ்ரூடியோவுக்கு அனுப்பிக் கழுவுவித்தேன். பின்பக்கத்தில் எழுதினேன்: "சட்டையைக் கேட்டீர்கள். பயந்த ஆள் இதுதான்." வேறொன்றும் எழுதவில்லை. கடிதமும் வைக்கவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. சரி, முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதத்தில் பகிடி இல்லை, பரீட்சை இல்லை, பொடியங்கள் இல்லை. எழுத்துச் சின்னதாக, நெருக்கமாக இருந்தது. முதல் வரியிலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

"கதவுக்கு உள்ளுக்குப் போடுகிற நல்ல தாழ்ப்பாள் இருக்கிறதா?"

இல்லை என்று எழுதினேன்.